டூம் வரிசையில் எதிலிருந்து தொடங்குவது? ஐந்து தேர்வுகளின் ஒப்பீடு

நரகத்து அரக்கர்களைச் சுட்டு வீழ்த்தும் கணினி விளையாட்டுகளான டூம் வரிசையை இதுவரை தொட்டுப் பார்க்காத ஒருவர் இன்று விளையாட நினைத்தால், 1993 முதல் 2025 வரை வெளிவந்த ஐந்து தேர்வுகள் அவர் முன் நிற்கின்றன. எதை முதலில் எடுப்பது என்று நெடுநாள் ரசிகர்களிடம் கேட்டால் குழப்பம்தான் கூடும். பழைய ஆட்டமே அசல், பின்னால் வந்தவை எல்லாம் அதன் பெயரை வைத்துப் பிழைப்பவை என்பார் ஒருவர். 2016இல் வந்த ஆட்டம் இல்லையென்றால் டூம் என்ற பெயரே மறந்துபோயிருக்கும் என்பார் இன்னொருவர். டூம் எடர்னல் பற்றிப் பேச்செடுத்தாலோ, சுடும் ஆட்டங்களில் இதற்கு மேல் ஒன்று வரவில்லை என்பவர்களும், விளையாட்டை வீட்டுப்பாடமாக்கிவிட்டார்கள் என்று நொந்துகொள்பவர்களும் சம அளவு உறுதியுடன் மோதிக்கொள்வார்கள். டூம் 3 உண்மையில் டூம்தானா என்ற வழக்கு 2004இல் தொடங்கியது, இன்னும் தீர்ப்பாகவில்லை.

இந்த விவாதம் ஓயாமல் நீள்வதற்கு ஒரு காரணம் உண்டு. டூமை உருவாக்கிய இட் சாஃப்ட்வேர் நிறுவனம் ஒவ்வொரு முறையும் முதல் ஆட்டத்தின் ஏதோ ஒரு கூறை எடுத்துப் பெரிதாக வளர்த்தது. அதற்கு இடம் வேண்டி வேறொரு கூறைக் கைவிட்டது. டூம் 3 இருட்டை எடுத்துக்கொண்டு வேகத்தை விட்டது. எடர்னல் வேகத்தை எடுத்துக்கொண்டு, வழி தேடி அலையும் சுகத்தை விட்டது. ஆகவே, 1993 ஆட்டத்தின் எந்தக் கூறு உங்களைப் பிடித்து இழுக்கிறது என்பது தெரிந்துவிட்டால், அடுத்து எதை வாங்குவது என்பதும் ஏறக்குறைய முடிவாகிவிடும். இந்த ஒப்பீட்டை அந்த நோக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

## எந்த அளவுகோல்களை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் நகர்வு. டூம் ஆட்டங்களில் சுடுவதைவிட நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே முக்கியமான வேலை. எதிரியின் அடியிலிருந்து எப்படித் தப்புகிறீர்கள், பக்கவாட்டில் ஓடியா, மறைந்து நின்றா, பாய்ந்தா, கேடயத்தை உயர்த்தியா என்பதில் ஐந்தும் ஐந்து விதம்.

இரண்டாவது, தோட்டாவும் ஹெல்த் எனப்படும் உயிர் அளவும் எங்கிருந்து வருகின்றன என்பது. சின்ன விஷயம் போலத் தோன்றினாலும், ரசிகர்களுக்கு இடையிலான பெரும்பாலான சண்டைகளின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். தரையில் கிடப்பதைப் பொறுக்கி வாழும் ஆட்டத்தில் நீங்கள் இடத்தை நினைவில் வைக்கிறீர்கள்; எதிரியின் உடலிலிருந்து பிடுங்கி வாழும் ஆட்டத்தில் எதிரியை நினைவில் வைக்கிறீர்கள். ஒரே ஆளுக்கு இரண்டும் ஒரே அளவில் பிடிப்பது அரிது.

மூன்றாவது லெவல்களின் அமைப்பு, அதாவது வழியை நீங்களே கண்டுபிடிக்க வேண்டுமா அல்லது ஆட்டம் கைபிடித்து அழைத்துச் செல்லுமா என்பது. நான்காவது, கணினியும் நேரமும் சேர்ந்த செலவு. ஐந்தாவதாக, முடித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கதையை அளவுகோலாகச் சேர்க்கவில்லை. செவ்வாய்க் கிரகத்தில் ஒரு நிறுவனம் செய்யும் ஆராய்ச்சியால் நரகத்தின் வாசல் திறக்கிறது, ஒற்றை வீரன் அதை எதிர்த்து நிற்கிறான் என்பதே அடித்தளம். எடர்னலும் டார்க் ஏஜஸும் அதன்மேல் புராணம் போலக் கிளைக்கதைகளை அடுக்கினாலும், அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் விளையாடுவதால் எந்த இழப்பும் இல்லை.

| தேர்வு | தப்பிக்கும் வழி | தோட்டாவும் ஹெல்த்தும் | லெவல் | கணினி | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| டூம், டூம் 2 (1993, 1994) | பக்கவாட்டு ஓட்டம் | தரையில் கிடப்பவை | சாவியும் ரகசிய வழியும் நிறைந்த புதிர்வழி | எதுவும் போதும் | வழிதவறி அலையும் நேரம் |
| டூம் 3 (2004) | எச்சரிக்கையான நடை | தரையிலும் லாக்கர்களிலும் | குறுகிய தாழ்வாரங்கள் | சாதாரண மடிக்கணினி | எந்தப் பதிப்பு என்ற குழப்பம், திரும்பத் திரும்ப வரும் உத்தி |
| டூம் (2016) | ஓட்டம், இரட்டைத் தாவல் | பெரிதும் எதிரியின் உடலிலிருந்து | சண்டைக்களங்களும் இடையே தேடலும் | ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு | பெரிய பதிவிறக்கம், பின்பாதியில் ஒரே மாதிரிச் சண்டைகள் |
| டூம் எடர்னல் (2020) | பாய்ச்சல், தாவல், கொக்கி | ஏறக்குறைய முழுதும் எதிரியிடமிருந்து | சண்டைக்களங்களும் தாவிக் கடக்கும் பகுதிகளும் | நல்ல கிராபிக்ஸ் கார்டு | கற்கும் சுமை |
| தி டார்க் ஏஜஸ் (2025) | கேடயம், எதிர்த்தடுப்பு | எதிரியிடமிருந்தும் தரையிலிருந்தும் | அகன்ற போர்க்களங்கள் | ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டுக் காட்சி வரையும் வசதி) கட்டாயம் | கணினி மேம்பாட்டுச் செலவு |

## டூம், டூம் 2: தரையில் கிடப்பதைக் கொண்டு பிழைப்பது

1993 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கணினி ஒன்றில் ஏற்றப்பட்டு உலகெங்கும் பரவிய இந்த ஆட்டத்தின் முதல் அத்தியாயம் ஷேர்வேர் முறையில் இலவசமாகவே தரப்பட்டது. ஒன்பது லெவல்களை விளையாடிப் பிடித்திருந்தால் மீதி இரண்டு அத்தியாயங்களுக்குப் பணம் கட்டினால் போதும். இன்று தேர்வில் தயங்கி நிற்பவருக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அந்த முதல் அத்தியாயத்தை இன்றும் பணம் கொடுக்காமல் விளையாடிப் பார்க்கலாம்.

முதல் லெவலின் தொடக்க அறையில் நின்று வலப்பக்க ஜன்னல் வழியே பார்த்தால், திறந்த முற்றத்தில் ஒரு நீலக் கவசம் தெரியும். ஜன்னல் வழியே அங்கே போக முடியாது. லெவலின் வேறொரு பகுதியில் மறைந்திருக்கும் வழி ஒன்று அங்கே கொண்டுபோய் விடும். பொருளை முதலில் காட்டிவிட்டு வழியைப் பின்னால் ஒளித்துவைக்கும் லெவல் வடிவமைப்பாளர் ஜான் ரொமேரோவின் இந்தப் பாணி, முதல் அத்தியாயத்தின் பெரும்பகுதியில் ஊடுருவியிருக்கிறது. தொழில்நுட்பத்தைக் கவனித்த ஜான் கார்மாக், அன்றைய கணினிகளின் எல்லைக்குள் வேகத்தைக் கொண்டுவருவதற்காக லெவலை முன்கூட்டியே துண்டுகளாகப் பகுத்து வைக்கும் பைனரி ஸ்பேஸ் பார்ட்டிஷனிங் முறையைப் பயன்படுத்தினார். ஆட்டத்தை இயக்கும் அடிப்படை மென்பொருளான அந்த இன்ஜினில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை இருக்க முடியாது, தாவவும் முடியாது, மேலும் கீழும் பார்க்கவும் முடியாது. உயரத்தில் நிற்கும் அரக்கனை நோக்கி நேராகச் சுட்டாலே தோட்டா தானாக மேலேறும். குறைகளாகத் தோன்றும் இவையே சண்டையைத் தெளிவாக்குகின்றன: குறிபார்ப்பதில் பாதி வேலையை ஆட்டம் செய்துவிடுவதால், உங்கள் கவனம் முழுவதும் கால்களில் இருக்கும்.

இம்ப் என்ற அரக்கன் எறியும் நெருப்புப் பந்து கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் வருவதால் பக்கவாட்டில் ஓர் அடி விலகினால் தப்பலாம். விலகும் இடத்தைச் சற்று யோசித்துத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பந்து பின்னால் நிற்கும் வேறோர் அரக்கன்மேல் படும். அடிபட்டவன் உங்களை மறந்து அடித்தவன்மேல் பாய்வான். தோட்டா குறைவாக இருக்கும் நேரத்தில் அரக்கர்களை இப்படி மோதவிட்டு ஒதுங்கி நிற்பது பழைய டூமின் தனிச் சுகம்.

1994இல் வந்த டூம் 2 இந்த அமைப்பில் இரண்டு மாற்றங்களைச் செய்தது. ஒன்று, சூப்பர் ஷாட்கன். சாதாரண ஷாட்கன் ஒரு தோட்டாவுக்கு 7 சிதறல்களை வெளியேற்ற, இது இரண்டு தோட்டாக்களுக்கு 20 சிதறல்களைக் கொட்டும். ஆனால் பரவல் அகலம், மீண்டும் நிரப்ப நேரமாகும். ஆகவே அருகில் போனால் லாபம், தொலைவில் நின்றால் நஷ்டம். இன்னொன்று, புதிய அரக்கர்கள். துரத்திவரும் ஏவுகணையை விடும் ரெவனன்ட், செத்தவர்களை எழுப்பும் ஆர்ச்வைல் போன்றவர்கள் இல்லாமல் இன்று டூமை நினைத்துப் பார்க்கவே முடியாது. லெவல்களைப் பொறுத்தவரை முதல் ஆட்டமே மேல் என்பது பல ரசிகர்களின் கட்சி, என் கட்சியும் அதுவே. டூம் 2இன் லெவல்களில் பாதிக்கு மேல் வடிவமைத்த சாண்டி பீட்டர்சனின் கற்பனை விசாலமானதுதான், ஆனால் 'டவுன்டவுன்' போன்ற நகர லெவல்களில் எந்தக் கட்டடத்துக்குள் ஏன் போகிறோம் என்று தெரியாமல் சுற்ற நேரிடும். 'தி கேசம்' லெவலின் ஒல்லியான விளிம்புகளை மனதாரப் புகழ்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது, வழிதவறுதல். நீலச் சாவி எங்கே என்று தெரியாமல், ஏற்கெனவே எல்லாரையும் கொன்று முடித்த வெற்று அறைகளில் அலைவது சிலருக்குப் பெரும் சலிப்பு. இரண்டாவது, எந்த வழியில் ஓட்டுவது என்ற கேள்வி. 1997 டிசம்பரில் இன்ஜினின் மூலநிரல் வெளியிடப்பட்டதால் அதை இன்றைய கணினிகளுக்கு ஏற்ப மாற்றி ரசிகர்கள் செய்த சோர்ஸ் போர்ட்டுகள் டஜன் கணக்கில் உருவாகியுள்ளன. சாக்லேட் டூம் பழைய அனுபவத்தை அப்படியே தரும். ஜிஇசட் டூம் தாவவும் நிமிர்ந்து பார்க்கவும் விடும். பின்னதில் தாவலை இயக்கிவிட்டால் பழைய லெவல்களின் பூட்டுகளையே தாண்டிக் குதிக்க முடியும் என்பதால், புதியவர்கள் அதை அணைத்து வைப்பதே நல்லது. இந்த ஆராய்ச்சியே வேண்டாம் என்பவருக்கு, 2024 ஆகஸ்டில் இரண்டு ஆட்டங்களையும் துணைத் தொகுப்புகளையும் சேர்த்து வெளியான மறுபதிப்பு போதுமானது. முன்பே வாங்கியிருந்தவர்களுக்கு அது இலவசமாகவே கிடைத்தது.

மூன்றாவது செலவைச் செலவென்பதா வரவென்பதா என்று தெரியவில்லை. வாட் கோப்புகளாக ரசிகர்கள் உருவாக்கும் லெவல்கள் முப்பது ஆண்டுகளாக நிற்காமல் வந்துகொண்டிருக்கின்றன. டூம்வேர்ல்ட் தளம் 2004 முதல் ஆண்டுதோறும் இவற்றுக்கு விருது வழங்குகிறது. ஏன்ஷியன்ட் ஏலியன்ஸ், எவிடர்னிட்டி போன்ற தொகுப்புகள் அசல் ஆட்டத்தைவிட நேர்த்தியானவை என்று வாதிடுபவர்களுடன் எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஐந்தாவது அளவுகோலில் மற்ற நான்கும் இதன் அருகில்கூட வர முடியாது.

வீட்டில் இருப்பது அலுவலக வேலைக்கு வாங்கிய மடிக்கணினி என்பவருக்கும், ஒரு நாளில் அரைமணி நேரமே கிடைக்கும் என்பவருக்கும், வரைபடத்தை மனதில் பதித்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் தட்டிப் பார்க்கும் குணமுள்ளவருக்கும் இதுவே சரியான தேர்வு.

## டூம் 3: ஒரு கையில் டார்ச், மறு கையில் ஒன்றுமில்லை

2004 ஆகஸ்டில் வந்தபோது டூம் 3இன் பெருமை அதன் ஒளியமைப்பு. ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு நிழலும் ஆட்டம் ஓடும்போதே கணக்கிடப்பட்டன. ஆடும் விளக்குக்குக் கீழே நிற்கும் அரக்கனின் நிழல் சுவரில் அவனுடனேயே ஆடியது. அந்த ஒளியமைப்பைக் காட்டுவதற்காகவே ஆட்டம் இருட்டுக்குள் கொண்டுபோகப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

டார்ச்சைப் பிடித்தால் துப்பாக்கியைப் பிடிக்க முடியாது என்பது அதன் புகழ்பெற்ற, பெரிதும் திட்டு வாங்கிய விதி. இருட்டறைக்குள் டார்ச்சுடன் நுழைகிறீர்கள், உறுமல் கேட்கிறது, ஒளிவட்டத்தில் ஒரு முகம் தெரிகிறது, துப்பாக்கிக்கு மாறிய நொடியில் அந்த முகம் இருட்டில் மறைந்துவிடுகிறது. எந்தத் திசையில் பார்த்தோமோ அந்தத் திசையில் நினைவை வைத்துச் சுட வேண்டும். செவ்வாயில் தளம் கட்டத் தெரிந்தவர்களுக்குத் துப்பாக்கியில் டார்ச்சை ஒட்ட ஒரு டேப் கிடைக்கவில்லையா என்று ரசிகர்கள் கேலி செய்தார்கள். கேலியோடு நிற்காமல், டார்ச்சை ஆயுதத்தில் ஒட்டும் மாட் (ஆட்டத்தை மாற்றும் ரசிகர் கோப்பு) ஒன்றையும் விரைவிலேயே 'டக்ட் டேப்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். 2012இல் வந்த பிஎஃப்ஜி பதிப்பில் நிறுவனமே கவசத்தில் டார்ச்சைப் பொருத்திவிட்டது.

என்னைக் கேட்டால் அந்தப் பழைய விதியே ஆட்டத்தின் உயிர். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மெதுவாக நடக்கும் ஒரு நடுத்தரச் சுடும் ஆட்டம். ஓட்டத்துக்கு மூச்சு அளவு உண்டு, துப்பாக்கிகளுக்குத் தோட்டா மாற்ற வேண்டும், ஷாட்கனின் சிதறலோ ஏறக்குறைய முகத்தோடு முகம் வைத்தால்தான் பயன்படும். இவை எல்லாம் பயத்துக்காகச் செய்யப்பட்டவை. பயம் இல்லாத பதிப்பில் இவை வெறும் தொந்தரவுகள்.

இங்கே மறைசெலவு இரண்டு. பதிப்புகளுக்கு இடையிலான வேறுபாடு முதலாவது: பிஎஃப்ஜி பதிப்பில் தோட்டா தாராளம், வெளிச்சமும் கூடுதல், அசல் பதிப்புக்காக எழுதப்பட்ட மாட்கள் அதில் ஓடுவதில்லை. அசல் கோப்புகள் இருந்தால் டியூம் 3 என்ற சோர்ஸ் போர்ட் வழியாக இன்றைய கணினிகளில் சிக்கலின்றி ஓட்டலாம். இரண்டாவது, பழகிப்போதல். கவசத்தை எடுக்கக் குனிந்தால் பின்சுவர் திறந்து ஓர் அரக்கன் வருவான் என்பதை மூன்றாவது முறையே கற்றுக்கொண்டுவிடுகிறோம். ஆட்டமோ அதை முப்பதாவது முறையும் செய்கிறது. ஆயுதங்களைப் பறிகொடுத்துவிட்டு நரகத்துக்குள் நுழையும் லெவல் வரும்போதுதான் மீண்டும் நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

இறந்தவர்களின் குரல் பதிவுகளைக் கேட்டு லாக்கர் எண்ணைக் கண்டுபிடிப்பது போன்ற நிதானமான வேலைகளை விரும்புபவர்கள், இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பயப்படவே விளையாடுபவர்கள் தயங்காமல் இதை எடுக்கலாம். மற்றவர்கள் இதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம். டூம் என்றால் இப்படித்தான் என்ற தவறான எண்ணம் பதிந்துவிடும்.

## டூம் (2016): ஹெல்த் வேண்டுமென்றால் முன்னால் போ

டூம் 3க்குப் பிறகு டூம் 4 என்ற பெயரில் தயாரான ஓர் ஆட்டம், அன்றைய ராணுவச் சுடும் ஆட்டங்களின் சாயலில் இருந்ததால் 'கால் ஆஃப் டூம்' என்று கேலிப்பெயர் பெற்றுக் கைவிடப்பட்டது. அதன் பிறகு மார்ட்டி ஸ்ட்ராட்டன், ஹ்யூகோ மார்ட்டின் ஆகியோரின் தலைமையில் புதிதாகத் தொடங்கி 2016 மே மாதம் வெளிவந்தது இந்த ஆட்டம். விலங்கிடப்பட்டுக் கிடக்கும் வீரன் எழுந்து அரக்கர்களைச் சுடுகிறான். விளக்கம் சொல்ல ஒரு திரை பேசத் தொடங்குகிறது. அவன் அந்தத் திரையைப் பிடித்துத் தள்ளிவிட்டு நடக்கிறான். கதைக்காக நின்று கேட்டுக்கொண்டிருக்கச் சொல்லும் ஆட்டங்களால் அலுத்திருந்தவர்கள் அந்தக் கணத்திலேயே இதன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

இதன் மையம் குளோரி கில். போதிய அடி வாங்கிய அரக்கன் தள்ளாடி ஒளிர்வான். அருகே சென்று கையால் முடித்தால் ஹெல்த் சிதறும். செயின்சா எனப்படும் சங்கிலி வாளால் அறுத்தால் தோட்டா கொட்டும். பெரும்பாலான சுடும் ஆட்டங்களில் உயிர் குறைந்தால் சுவருக்குப் பின்னால் ஒளிவோம். இங்கே உயிர் குறைந்தால் எதிரியின் மேலேயே போய் விழ வேண்டும். அதே சமயம் தரையிலும் தோட்டாக்களும் மருந்துகளும் கிடப்பதால், விருப்பமான துப்பாக்கியைக் கைவிடாமலேயே ஆட்டம் முழுவதையும் முடித்துவிடலாம். எடர்னல் பிடிக்காதவர்கள் இந்த ஆட்டத்தைக் கொண்டாடுவதும், எடர்னல் ரசிகர்கள் இதைக் குறை சொல்வதும் இந்த ஒரே சலுகையை முன்னிட்டுத்தான்.

பழைய டூமின் ஆராயும் சுகத்தில் பாதியாவது இதில் பிழைத்திருக்கிறது. உருக்காலை லெவலில் மேலும் கீழுமாகப் பின்னிக் கிடக்கும் பாதைகளில் சாவி தேடி அலையலாம். ரகசிய நெம்புகோல்களைக் கண்டுபிடித்தால் 1993 லெவல்களின் துண்டுகள் அதே பழைய சுவர்ப் படங்களுடன் திறக்கும். மிக் கார்டனின் இசை சண்டையின் சூட்டுக்கு ஏற்ப ஏறி இறங்குவதால், கடைசி அரக்கன் விழும் நொடியில் இசையும் அடங்குவதைக் கேட்கலாம்.

கையிருப்புத் தரவும் வட்டில் இடமும் குறைவாக உள்ளவர்கள் பதிவிறக்க அளவைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. ஐம்பது ஜிபியைத் தாண்டும். பின்பாதியில் கதவு பூட்டிக்கொள்வதும் அலை அலையாக அரக்கர்கள் வருவதும் கதவு திறப்பதும் ஒரே தாளத்தில் நடக்கின்றன. குளோரி கில் காட்சிகளும் நூறாவது முறை பார்க்கும்போது நிறுத்தற்குறி போலத் தோன்றத் தொடங்கும். மல்டிபிளேயர் வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டுச் செய்யப்பட்டது. அதை நம்பி யாரும் வாங்க வேண்டாம்.

பழைய வடிவமே ஒத்துவராது, ஆனால் டூம் என்றால் என்னவென்று தெரிய வேண்டும் என்பவருக்கு, ஐந்தில் மிகக் குறைந்த ஆபத்துள்ள தேர்வு இதுவே.

## டூம் எடர்னல்: பிடித்த துப்பாக்கிக்கு இடமில்லை

2020 மார்ச்சில் வந்த எடர்னல், முந்தைய ஆட்டத்தின் சலுகையைப் பறித்துக்கொண்டது. தோட்டாக்களின் உச்ச அளவு வேண்டுமென்றே சிறிதாக்கப்பட்டது. இரண்டு அரக்கர்களைக் கொல்வதற்குள் துப்பாக்கி காலியாகும். உடனே சங்கிலி வாளால் ஒரு சிறிய அரக்கனை அறுத்து நிரப்ப வேண்டும். வாளின் எரிபொருளில் ஒரு பங்கு தானாகவே மீண்டும் நிறையும். அறுப்பதற்கென்றே சிறிய அரக்கர்களும் சண்டை முடியும்வரை வந்துகொண்டேயிருப்பார்கள். கவசம் வேண்டுமென்றால் தோளிலிருந்து நெருப்பை உமிழ்ந்து எரிபவர்களைச் சுட வேண்டும். ஹெல்த் வேண்டுமென்றால் குளோரி கில். மூன்று அடுப்பிலும் பாத்திரம் ஏற்றிவைத்துவிட்டு எது எப்போது பொங்கும் என்று கண் வைத்திருப்பவரின் நிலைதான் விளையாடுபவருக்கு.

இதற்கு மேல் ஒவ்வோர் அரக்கனுக்கும் தனி மருந்து உண்டு. காக்கோடீமனின் வாய்க்குள் ஒரு குண்டைச் செலுத்தினால் உடனே தள்ளாடுவான். அராக்னோட்ரானின் முதுகுப் பீரங்கியை முதலில் உடைக்க வேண்டும். மராடர் என்ற எதிரிதான் விவாதத்தின் உச்சம். அருகில் போனால் ஷாட்கனால் சுடுவான், தள்ளி நின்றால் கோடாரியால் ஒளிக்கீற்றை வீசுவான், நடுத்தரத் தொலைவில் காத்திருந்தால் பாய்ந்து வருவான். அவன் கண் பச்சையாக மின்னும் அந்த ஒரு கணத்தில் மட்டுமே அடி விழும், மற்ற நேரங்களில் கேடயம் தடுத்துவிடும். மற்ற அரக்கர்களை உங்கள் வேகத்துக்கு ஆட வைக்கும் ஆட்டம், இவன் வந்ததும் உங்களை அவன் வேகத்துக்கு ஆட வைக்கிறது. இது நியாயமில்லை என்பவர்களின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் அவனை எதிர்கொண்டபடியே சுற்றியுள்ள மற்றவர்களையும் சமாளிக்கப் பழகிய பிறகு, 2016 ஆட்டத்தின் சண்டைகள் சற்றுத் தூக்கத்தில் நடப்பவை போலத் தெரிவதும் உண்மை.

ஆக, எடர்னல் மீதான குற்றச்சாட்டும் பாராட்டும் ஒன்றே: இந்த ஆட்டம் தன்னை ஒரே விதமாக விளையாடச் சொல்கிறது. இதை முழுதும் ஏற்க மாட்டேன். முதல் ஐந்து மணி நேரத்துக்கு அது உண்மை. திரையை மறைத்து விளக்கக் கட்டங்கள் வந்துகொண்டேயிருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே விடைதான் என்று தோன்றும். ஆயுதங்கள் அனைத்தும் கைக்கு வந்த பின், சூப்பர் ஷாட்கனின் கொக்கியை எதிரியின் மேல் மாட்டி வானில் பறந்தபடி, சுட்டவுடன் துப்பாக்கியை மாற்றி நிரப்பும் நேரத்தைத் தவிர்க்கும் உத்திகளை ரசிகர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இருவரின் பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே சண்டையை இருவரும் வேறு வேறாக ஆடியிருப்பது தெரியும். சிக்கல் என்னவென்றால், அந்த இடத்துக்கு வந்து சேரும் முன்பே பலர் ஆட்டத்தை நீக்கிவிடுகிறார்கள்.

கற்கும் சுமை ஒருபுறம். மறுபுறம், வாரத்துக்கு ஒருமுறை மட்டும் விளையாடுபவருக்கு ஒவ்வொரு வாரமும் விரல்கள் மறந்துவிடும். இதை யாரும் சொல்வதில்லை. ஆரம்ப அமைப்பிலேயே ஆயுத எண்களை விரல் எட்டும் விசைகளுக்கு மாற்றிக்கொள்வதற்கு ஒரு மாலையைச் செலவிடுங்கள், மவுஸின் பக்கவாட்டுப் பொத்தான்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சண்டைகளுக்கு இடையே தொங்கித் தாவும் பகுதிகளும், கால் ஒட்டும் ஊதாச் சேறும் எடர்னலை நேசிப்பவர்களுக்கே பிடிப்பதில்லை. தி ஏன்ஷியன்ட் காட்ஸ் என்ற இரு பகுதி விரிவாக்கம் முதன்மை ஆட்டத்தில் தேறியவர்களுக்காகவே செய்யப்பட்டது. தள்ளுபடியில் சேர்ந்து வருகிறது என்பதற்காக உடனே அதைத் தொடங்க வேண்டாம்.

தொடர்ச்சியாகச் சில வாரங்கள் ஒதுக்க முடிந்தவர், தோற்பதைப் பாடமாக எடுத்துக்கொள்ளும் குணமுள்ளவர் எடர்னலிலிருந்தே தொடங்கினாலும் தவறில்லை. மற்றவர்கள் 2016க்குப் பின் வரட்டும். எடர்னலை முடித்துவிட்டுப் பின்னோக்கிச் செல்பவர்களுக்கு 2016 மந்தமாகத் தெரியும், இந்த வரிசையில் போனால் இரண்டும் இனிக்கும்.

## தி டார்க் ஏஜஸ்: நின்று சண்டையிடுவது

2025 மே மாதம் வந்த இந்த முன்கதை, பாய்ச்சலைக் குறைத்துக் கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்தது. எடர்னலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் படைப்பாளர்களே போர் விமானத்துக்கும் டாங்கிக்கும் உள்ள வேறுபாடாக விளக்கினார்கள். பச்சை நிறத்தில் வரும் தாக்குதல்களைச் சரியான நேரத்தில் தடுத்து எறிந்தவனுக்கே திருப்பி அனுப்பலாம். மற்றவற்றுக்கு இடையே புகுந்து நடக்க வேண்டும். நெருப்புப் பந்துகள் வரிசைகளாக வருவதும், அவற்றின் இடைவெளியில் பக்கவாட்டில் நகர்வதும் 1993 ஆட்டத்தை நினைவூட்டுவது தற்செயல் அல்ல. ஆட்டத்தின் வேகம், தடுப்புக்கான நேர அளவு, எதிரியின் வலு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடிவது இதன் மிகப் பெரிய நன்மை. ராட்சத இயந்திரத்தை ஓட்டும் அத்தியாயங்களும் டிராகன் மீது பறக்கும் அத்தியாயங்களும் விளம்பரத்தில் இருந்த அளவுக்கு ஆட்டத்தில் சுவைக்கவில்லை.

ரே டிரேசிங் வசதியில்லாத கிராபிக்ஸ் கார்டில் இது ஓடவே ஓடாது. வட்டில் நூறு ஜிபி அளவுக்கு இடமும் தேவை. தகுதியுள்ள கணினியோ புதிய கன்சோலோ ஏற்கெனவே இருந்தால் எடுக்கலாம். இதற்காகவே கார்டு வாங்கப் போகிறேன் என்பவரிடம், அந்தப் பணத்தில் முந்தைய நான்கையும் வாங்கி மீதியைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

## யாருக்கு எது

எல்லாரும் முதலில் 1993 ஆட்டத்தின் இலவச அத்தியாயத்தை விளையாடிவிடுவதே என் பரிந்துரை. இரண்டு மாலைகளுக்கு மேல் ஆகாது. ரகசியச் சுவர்களைத் தட்டிக்கொண்டிருந்த நேரமே பிடித்தது என்றால் டூம் 2, பிறகு ரசிகர்களின் வாட் தொகுப்புகள் என்று அங்கேயே தங்கிவிடலாம். விளக்கணைந்த அறைகளில் உறுமலைக் கேட்டு நின்றதே மனதில் நிற்கிறது என்றால் டூம் 3. அத்தியாயத்தின் முடிவில் வரும் இரண்டு 'பேரன் ஆஃப் ஹெல்' அரக்கர்களுடனான சண்டையே பிடித்தது, வழி தேடியது சலித்தது என்றால் 2016, அதன் பின் எடர்னல். நெருப்புப் பந்துகளின் இடைவெளியில் நடப்பதே சுகம் என்றால், கணினி அனுமதிக்கும் பட்சத்தில் டார்க் ஏஜஸ். டூம் 2க்கும் டூம் 3க்கும் இடைப்பட்ட மனநிலை வேண்டுமென்பவர்கள் 1997இல் வந்து 2020இல் மறுபதிப்பான டூம் 64ஐயும் பார்க்கலாம். பழைய நகர்வும் புதிய இருட்டும் சேர்ந்த சிறிய ஆட்டம் அது.

கடினநிலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய ஆட்டங்களில் கடினநிலையைக் கூட்டினால் அதே அரக்கர்கள் வலுவாக அடிப்பார்கள், அடிக்கடி தாக்குவார்கள். எடர்னலில் அதை நடுவிலேயே மாற்றிக்கொள்ளவும் முடியும். பழைய டூமில் 'ஹர்ட் மீ பிளென்டி' நிலையிலிருந்து 'அல்ட்ரா வயலன்ஸ்' நிலைக்குப் போனால், தனித்தனி அரக்கனின் வலு மாறாது, அவர்களின் எண்ணிக்கையும் நிற்கும் இடங்களும் மாறும். நடுவில் மாற்ற வழியில்லை, புதிதாகத்தான் தொடங்க வேண்டும். ஆகவே முதல் அத்தியாயத்தை முதலில் சொன்ன நிலையில் ஒருமுறை முடித்துவிட்டு, அதே ஒன்பது லெவல்களை அடுத்த நிலையில் மீண்டும் ஆடிப் பாருங்கள். முன்பு காலியாக இருந்த மூலைகளில் இப்போது ஆள் நிற்பார்கள். வேகமாக நகரும், செத்த பின்னும் எழுந்து வரும் அரக்கர்களைக் கொண்ட 'நைட்மேர்' பக்கம் மட்டும் இப்போதைக்குப் போக வேண்டாம்.